பேலியகொடையில் லொறி முனையம், அரச–தனியார் பங்குடைமையில்: 12 ஏக்கரில் எத்தனை லொறி, முதல் எப்படித் திரும்பும்?

களனிக்கரை (கேள்வி)

வணக்கம். புறக்கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் வரும் லொறிகளைத் தெருவோரத்திலிருந்து எடுத்து ஓரிடத்தில் நிறுத்துவதற்கு, அரச–தனியார் பங்குடைமையில் நகர லொறி முனையம் ஒன்றை அமைப்பது பற்றிக் கருத்துருப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது பேலியகொடை–வத்தளைப் பக்கம் அரசுக்குச் சொந்தமான 12 ஏக்கர் தாழ்நிலம். 30 வருடக் குத்தகை. முதலீட்டாளர் கட்டி, நடத்தி, முடிவில் திருப்பித் தர வேண்டும்.

12 ஏக்கரில் உண்மையில் எத்தனை வாகனம் நிற்கும்? தரிப்பிடக் கட்டணத்தில் போட்ட முதல் திரும்புமா? ஒப்பந்தத்தில் எதை விட்டுவிடவே கூடாது? இப்படியான திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.

வீதித்திட்டம்

நிலத்தை அளப்பதற்கு முன் எந்த லொறிக்காக என்று முடிவெடுங்கள். கொழும்பு வடக்குக்கு வரும் கனரக வாகனங்களை இரண்டு பிரிவாகப் பார்க்கவேண்டும். ஒன்று, துறைமுகத்துக்கும் ஒருகொடவத்தைச் சுங்க முற்றங்களுக்கும் வெற்றுக் கொள்கலன் டிப்போக்களுக்கும் இடையில் ஓடும் பிரைம் மூவர் (கொள்கலன் ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி). மற்றது, தம்புள்ளை, நுவரெலியா, வடக்கு என்று பல பக்கமிருந்தும் அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, மரக்கறி ஏற்றிவரும் லொறி. இரண்டும் காத்து நிற்கும் காரணம் வேறு, நேரம் வேறு, தேவைப்படும் வசதியும் வேறு. கொள்கலன் வண்டி ஆவணத்துக்கும் சுங்கப் பரிசோதனைக்கும் காத்திருக்கிறது. சரக்கு லொறி கடை திறக்கவும், இறக்குமிடம் காலியாகவும், திரும்பும்போது ஏற்றிப்போக ஒரு ஹயர் கிடைக்கவும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே வேலிக்குள் கலந்தால் சுங்கக் கட்டுப்பாட்டுச் சரக்குக்கும் வெங்காய மூட்டைக்கும் ஒரே வாசல் என்றாகிவிடும். சுங்கம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரே காணியில் இரண்டும் வேண்டுமென்றால் வேலி, வாயில், உட்பாதை எல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டும்.

தேவையைக் கணக்கிடும்போது துறைமுகத்தின் வருடக் கொள்கலன் எண்ணிக்கையை எடுத்து ஒரு வீதத்தால் பெருக்கிவிடாதீர்கள். கொழும்பு கையாளும் கொள்கலன்களில் மிகப் பெரும்பகுதி கப்பல் மாறிப் போவது. அது வாயிலுக்கு வெளியே வருவதே இல்லை. உங்களுக்கு வேண்டியது வாயிலில் எண்ணிய எண்ணிக்கை. 24 மணி நேரமும், குறைந்தது ஒரு முழு வாரம், வாகன இலக்கத்தகடு வாரியாக எண்ணுங்கள். போயா வரும் வாரத்தைத் தவிருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தைத் தனியே எண்ணுங்கள், ஏனென்றால் உச்சம் அங்கேதான் தெரியும். வந்த நேரம், போன நேரம் இரண்டும் பதிவாகியிருந்தால் மிச்சம் எளிய பெருக்கல்: மணிக்கு வரும் வாகனம் × சராசரியாக நிற்கும் மணி. மணிக்கு 40 வந்து 5 மணி நேரம் நின்றால் ஒரே நேரத்தில் 200 வண்டிக்கு இடம் வேண்டும். நிற்கும் நேரத்தை ஒரு மணி குறைத்தால் 40 இடம் மிச்சம். ஆவண வேலையை விரைவாக்கினாலே நிலத் தேவை குறையும். பத்திரத்தில் இதை நல்ல அழுத்தமாக எழுதுங்கள்.

இடத் தெரிவு நன்று. கண்டி வீதியும் புத்தளம் வீதியும் பேலியகொடையில்தான் பிரிகின்றன. 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதி அங்கேதான் வந்து முடிகிறது. 2019 இல் வெளிச்சுற்று வீதி கெரவலப்பிட்டியில் அதனுடன் இணைந்த பிறகு தெற்கிலிருந்து வரும் வண்டியும் நகரத்தைத் தொடாமல் வந்து சேரலாம். 2020 முடிவில் மெனிங் மரக்கறிச் சந்தையும் அதற்கு முன் 2011 இல் மத்திய மீன் சந்தையும் பேலியகொடைக்கு வந்துவிட்டதால் இரவு லொறி ஏற்கெனவே அந்தப் பக்கம் பழகியிருக்கிறது.

ஆனால் ஒரு நிர்வாகச் சிக்கலைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முனையம் நிற்கப்போவது கம்பஹா மாவட்டத்தில், வேறொரு உள்ளூராட்சி சபையின் எல்லையில். லொறி விலகுவதால் நன்மை பெறுவது கொழும்பு மாநகர சபை. தூசும் சத்தமும் ஒரு சபைக்கு, நெரிசல் குறைவு இன்னொரு சபைக்கு. தெருவோரத் தரிப்பைத் தடை செய்து தண்டம் விதிக்கும் அதிகாரம் முனையத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவரிடம் இருந்தால், அந்த ஒப்பந்தம் பாதிதான். மாநகர சபை, பேலியகொடைப் பக்கத்துச் சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, போக்குவரத்துப் பொலிஸ் ஆகிய நாலு தரப்பும் கையெழுத்திடும் தனி உடன்படிக்கை விலை கோருவதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும்.

கொங்கிரீட்_தளம்

எத்தனை நிற்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். 40 அடிக் கொள்கலனுடன் பிரைம் மூவர் ஏறத்தாழ 16 மீற்றர் நீளம். தரிப்புக் கட்டம் 18 × 4 மீற்றர் போடுங்கள். பின்னால் எடுத்து வெளியேறும் அமைப்பு வேண்டாம். இரவில் தூக்கக் கலக்கத்தில் ட்ரெய்லரைப் பின்னெடுப்பதில்தான் பக்கத்து வண்டியின் கண்ணாடியும் விளக்குக் கம்பமும் போகின்றன. 45 பாகையில் சாய்த்து, முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும்படி வையுங்கள். அப்படி வைத்தால் வரிசையின் ஆழம் 15.6 மீற்றர், பாதை 10 மீற்றர், பாதையோரமாக ஒரு வண்டிக்கு 5.7 மீற்றர். ஆக ஒரு வண்டிக்கு 145 சதுர மீற்றர். 12 × 3.5 கட்டத்தில் நிற்கும் பத்துச் சில்லு லொறிக்கு 7.5 மீற்றர் பாதையுடன் 90 சொச்சம்.

12 ஏக்கர் என்றால் 48,500 சதுர மீற்றர். அதில் வடிகால் ஒதுக்கு, நீர்த்தேக்கக் குளம், வாயில், எரிபொருள் நிலையம், கட்டடங்கள், மரம் எல்லாம் போனால் தரிப்புக்கு 28,000 மிஞ்சும். 100 பிரைம் மூவர், 150 லொறி. அவ்வளவுதான். 500 என்று எழுதிய வரைபடம் யாராவது காட்டினால் அதில் வண்டி திரும்பும் பாதையைத் தேடிப் பாருங்கள், இராது.

வாயிலுக்கும் கணக்கு உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரு நிரை மணிக்கு 60 வண்டி எடுக்கும் என்பது தாளில் மட்டும். முக்கால் பங்கு, 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் மணிக்கு 90 வந்தால் உள்ளே வர இரண்டு நிரை. தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் நிரைக்கு ஆறு வண்டி நிற்க 120 மீற்றர் இடத்தைக் காணிக்குள்ளேயே விடவேண்டும். கம்பத்தை வீதியோரத்திலேயே நட்டுவிட்டால் முனையமே புதிய நெரிசலை உண்டாக்கும்.

இனி மண். அந்தப் பக்கம் முழுக்கக் கரிச்சேற்று மண். மேலே நிரப்பினால் வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணிலுள்ள நீர் வெளியேற நிலைக்குத்து வடிகால் இறக்கி, மேலே 2 முதல் 3 மீற்றர் மண் பாரம் ஏற்றி, ஏறக்குறைய ஒரு வருடம் விட்டு, இறக்கத்தை அளந்து, பிறகுதான் தளம் போடலாம். இதை அவசரப்படுத்தி ஒரே கொங்கிரீட் பலகையாகப் போட்டால் இரண்டாம் வருடத்தில் மூட்டுகள் ஏறி இறங்கும். நிற்கும் இடத்துக்கு 100 மில்லிமீற்றர் தடிப்பான பூட்டுக்கல் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கொங்கிரீட் கல்) போடுங்கள். இறங்கிய இடத்தில் கல்லைக் கழற்றி, மணலை நிரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். தார் வேண்டவே வேண்டாம். ஒழுகும் டீசல் தாரைக் கரைக்கும். வெயிலில் இளகிய தாரில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் சில்லு பள்ளம் பறிக்கும்.

பிரைம் மூவரைக் கழற்றிக்கொண்டு போய் ட்ரெய்லரை மட்டும் விட்டுவைக்கும் கட்டங்களைத் தனியே குறியுங்கள். அப்போது முன்பாரம் முழுவதும் இரண்டு இரும்புக் கால்களில் நிற்கிறது. காலின் அடித்தட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுத்தான் பெரிது, அதன்மேல் பல தொன். பூட்டுக்கல்லும் அங்கே அமிழும். காலொன்று அமிழ்ந்தால் ட்ரெய்லர் சாயும், மறுபடி பிரைம் மூவரைக் கொழுவ முடியாது, கிரேன் கூப்பிட வேண்டிவரும். கால் வந்து நிற்கும் கோட்டில் மட்டும் கம்பி போட்ட கொங்கிரீட் பட்டை, 1.5 மீற்றர் அகலத்தில், கட்டங்களின் குறுக்கே ஒரே நீளமாக இடவேண்டும். சிறு செலவு, பெரிய தொல்லை தவிரும்.

வெள்ளம்: 2016 மே மாதமும் 2025 நவம்பரிலும் களனி கங்கை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். தாழ்நிலத்தை நிரப்பினால் அங்கே தங்கிய நீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் நிரப்பும் கன அளவுக்கு ஈடான தேக்கத்தை காணிக்குள்ளேயே காட்டச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஒரு மழையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 40,000 சதுர மீற்றர் தளத்திலிருந்து 4,000 கன மீற்றர் நீர் ஓடும். அது எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போய்க் குளத்தில் தங்கி, மெல்ல வடியவேண்டும். எரிபொருள் நிலையத்தின் நிலக்கீழ்த் தாங்கியை மறக்காதீர்கள். 20,000 லீற்றர் தாங்கி வெறுமையாக இருக்கும்போது நிலத்தடி நீர் ஏறினால் அதை ஏறத்தாழ 20 தொன் விசை மேலே தள்ளும். கொங்கிரீட் அடித்தளத்தில் பட்டி போட்டுக் கட்டாத தாங்கி குழாய்களை முறித்துக்கொண்டு மிதந்து எழும்பும்.

நிதிக்கணக்கு

தரிப்பிடக் கட்டணத்தில் முதல் திரும்பாது. கணக்கைப் பாருங்கள், எண்கள் வெறும் மாதிரிக்கு. 250 கட்டம், ஒவ்வொன்றும் நாளுக்கு இரண்டு முறை மாறுகிறது, 60 வீதம் நிரம்புகிறது என்றால் நாளுக்கு 300 வண்டி. வண்டிக்கு 500 ரூபா என்றால் வருடத்துக்கு 5.5 கோடி. முதலீடு 150 கோடி, அதில் 70 வீதம் கடன், வட்டி 14 வீதம் என்று வைத்தால் வட்டி மட்டும் 14.7 கோடி. பராமரிப்பு, காவல், மின்சாரம் இன்னும் சேரவில்லை. கட்டணத்தை மூன்று மடங்காக்கினால் லொறி தெருவுக்குத் திரும்பிப் போகும்.

துறைமுகத்தில் 1999 இல் தென்னாசிய நுழைவாயில் முனையம், 2013 இல் கொழும்பு சர்வதேசக் கொள்கலன் முனையம் என்று பங்குடைமை நன்றாக ஓடியிருப்பதால் அதே ஒப்பந்த வடிவத்தை இங்கே பிரதி எடுக்க நினைப்பவர்கள் உண்டு. அங்கே வருமானம் டொலர், கப்பலுக்குத் தெருவோரத்தில் இலவசத் தரிப்பிடம் கிடையாது. இங்கே வருமானம் ரூபா, வாடிக்கையாளருக்கு இலவச மாற்று வழி கண்முன்னே இருக்கிறது. 2022 இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபா சொச்சத்திலிருந்து 360 ஐத் தொட்டதை நினைத்துப் பாருங்கள். டொலர்க் கடனில் கட்டிய லொறி முனையம் அன்றே மூடியிருக்கும். கடன் ரூபாவில் இருக்கட்டும்.

ஆகவே பொதுத் தரப்பு கொடுக்கவேண்டியவை மூன்று. நிலம், மண் பதப்படுத்தும் வேலை, தெருவோரத் தரிப்புத் தடையை நடைமுறைப்படுத்தல். மண் வேலையை விலை கோருவதற்கு முன் அரசே முடித்துக் கொடுத்தால், விலை கொடுப்பவர் தெரியாத ஆபத்துக்கு என்று கூட்டி வைக்கும் தொகை போய்விடும். அந்த ஒரு வருடமும் குத்தகைக் காலத்தில் கழியாது.

வருமானத்தின் மிச்சம் எரிபொருள், களஞ்சியம், எடைப்பாலம், டயர்க் கடை, அலுவலக அறை, சாப்பாட்டுக் கடை ஆகியவற்றிலிருந்து வரவேண்டும். ஆபத்தும் இங்கேதான். முதலீட்டாளருக்குக் களஞ்சியத்தில் இலாபம், தரிப்பில் நட்டம். தடுக்காவிட்டால் முதல் கட்டத்தில் களஞ்சியமும் கடைத்தொகுதியும் எழும்பும், தரிப்பிடம் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போகும், இரண்டாம் கட்டம் வராது. ஒப்பந்தத்தில் இப்படி எழுதுங்கள்: வணிகக் கட்டடம் காணியின் 25 வீதத்தைத் தாண்டக்கூடாது, தரிப்புக் கட்டங்களும் கழிப்பறை, குளியலறை, ஓய்வறையும் முடிந்து சுயாதீனப் பொறியியலாளர் சான்று தரும்வரை எந்த வணிகக் கட்டடத்துக்கும் இயக்க அனுமதி இல்லை, தரிப்புக் கட்டத்தை வேறு பயனுக்கு மாற்றினால் அது ஒப்பந்த மீறல். மூன்றாவது வரியை விட்டுவிட்டால் ஐந்தாம் வருடத்தில் கட்டங்களில் வாகன விற்பனை நடக்கும்.

விலை கோரும்போது முன்பணத் தொகையை வைத்துப் போட்டி வைக்காதீர்கள். பெரிய தொகை கொடுத்து எடுத்தவர் அதைத் தரிப்புக் கட்டணத்தில் வசூலிக்கப் பார்ப்பார். நிலவாடகையைக் குறைவாக நிலைநிறுத்தி, மொத்த வருமானத்தில் எத்தனை வீதம் என்று போட்டி வையுங்கள். தேறிய இலாபத்தில் பங்கு வேண்டாம், சொந்தச் சகோதர நிறுவனத்துக்கு முகாமைக் கட்டணம் கொடுத்தே இலாபத்தைக் கரைத்துவிடலாம். எல்லா வசூலும் முதலில் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்து பிரியும்படி வைத்தால் கணக்குச் சண்டை குறையும்.

கட்டண உயர்வைக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுடன் கட்டுவது வழக்கம். 2022 செப்டெம்பரில் அந்தப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அப்படியே ஏற்றினால் ஒரு லொறியும் வராது. வருட உயர்வுக்கு மேல்வரம்பு வைத்து, மிச்சத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள்.

ஹயர்_கணக்கு

மேலே சொன்ன கணக்குகளோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. வண்டிக்கு ஒரே கட்டணம் 500 என்பது சரிவராது. கொள்கலன் வண்டியின் தாமதச் செலவை அனேகமாக இறக்குமதியாளர் தலையில் போடலாம். வெங்காய லொறிக்காரர் தன் கையிலிருந்து கட்டவேண்டும். முதல் இரண்டு மணி இலவசம், பிறகு நேரத்துக்கேற்ப, இரவு முழுவதற்கும் ஒரு தொகை, மாத அட்டைக்குக் கழிவு. முனையத்துக்குள் டீசல் அடித்தால் தரிப்புக் கட்டணத்தில் கழிவு கொடுத்தால் வண்டி தானாக உள்ளே வரும். எரிபொருள் விற்பனையில் முனையத்துக்குக் கிடைக்கும் தரகு லீற்றருக்குச் சிறியதென்றாலும் லொறி அடிக்கும் அளவு பெரியது.

இன்னொரு விடயம். பெரிய லொறியை முனையத்திலேயே மறித்து, சரக்கை டிமோ பட்டா என்ற சிறு லொறியில் மாற்றி நகரத்துக்குள் அனுப்பும் யோசனை எல்லாத் திட்டத்திலும் வருகிறது. பல கடைக்குப் பிரிந்துபோகும் பொதிக்கு அது நல்லது. ஆனால் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரே கடைக்கு முழு லொறி அரிசி வந்தால், 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றுக்கும் நாட்டாமிக் கூலி (சுமை தூக்குவோர் கூலி) இரண்டு முறை விழும். மூட்டை கிழியும், எடை குறையும், யார் பொறுப்பென்று வழக்கு வரும். அந்த லொறி முனையத்தில் காத்திருக்கட்டும். இறக்குமிடம் காலியானதும் கைப்பேசியில் அழைப்பு வந்து, இரவில் நேரே கடைக்குப் போய் இறக்கி வரட்டும். பழைய சோனகத் தெருவுக்கும் இதே முறை. அழைப்பு முறையைக் கடைக்காரர் சங்கங்களுடன் பேசி வைக்காமல் தனியே முனையத்தை மட்டும் கட்டினால் சாரதிகள் கடை வாசலிலேயே இடம்பிடித்து நிற்பதைத் தொடர்வார்கள்.

சாரதிக்கு வேண்டியவை பெரிய விடயங்கள் இல்லை. குளிக்க நல்ல தண்ணீர், பூட்டும் கதவுள்ள கழிப்பறை, விடியப்புறம் நாலு மணிக்கும் கிடைக்கும் தேநீர், தார்ப்பாயும் பற்றரியும் களவு போகாத வெளிச்சம். ஓய்வறையில் மின்விசிறி. பெண் சாரதிக்கும் உதவியாளருக்கும் தனிக் குளியலறையை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். அறிவிப்புப் பலகை, நுழைவுச் சீட்டு, கைப்பேசிச் செய்தி எல்லாம் தமிழிலும் இருக்கவேண்டும். வவுனியாவிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் சாரதி கட்டண விதி புரியாமல் தண்டம் கட்டக்கூடாது. சீட்டின் பின்பக்கத்தில் சரக்குக்கு யார் பொறுப்பு, வண்டிக்கு யார் பொறுப்பு என்று தெளிவாக அச்சிடுங்கள்.

களனிக்கரை

மிகவும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம். தெருத் தடை நடைமுறைக்கு வராவிட்டால் முதலீட்டாளர் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கேட்பார். திறைசேரி அதற்கு ஒத்துக்கொள்ளுமா?

நிதிக்கணக்கு

இன்றைய நிலையில் நீண்டகால அரச உத்தரவாதத்தை எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். 2024 இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய பொறுப்புகளைத் திறைசேரி மிகக் கவனமாகப் பார்க்கும், அது நியாயமும்கூட. பணத்துக்குப் பதிலாகக் கடமையை எழுதுங்கள். எந்தெந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை தொன்னுக்கு மேற்பட்ட வண்டி நிற்கக்கூடாது என்று அட்டவணையாக இணையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுயாதீனப் பொறியியலாளர் அந்தத் தெருக்களில் இரவும் பகலும் எண்ணவேண்டும். நிற்கும் லொறி இணங்கிய எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தக் காலாண்டுக்கு நிலவாடகையும் வருமானப் பங்கும் குறையும், தொடர்ந்து நாலு காலாண்டு தாண்டினால் குத்தகைக் காலம் நீளும். அரசு கைக்காசு கொடுக்கவேண்டியதில்லை, ஆனால் தடையைக் கவனிக்காமல் விட்டால் தன் வருமானம் குறையும். கடன் கொடுக்கும் வங்கியும் இதை ஏற்கும், ஏனென்றால் எண்ணிப் பார்க்கலாம்.

வீதித்திட்டம்

அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். தடை தொடங்கும் திகதியை நாட்காட்டித் திகதியாக எழுதாதீர்கள். தரிப்புக் கட்டங்களுக்குச் சான்று கிடைத்து 30 நாள் கழித்து, முதலில் நாலாம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும், மூன்று மாதம் கழித்து கிராண்ட்பாஸ் பக்கம் என்று படிப்படியாக வரட்டும். முனையம் திறக்குமுன் தடை வந்தால் லொறிகள் வத்தளை, கொலன்னாவை ஒழுங்கைகளுக்குள் புகுந்துவிடும், பிறகு அங்கிருந்து எடுப்பது இரட்டை வேலை. முதல் 30 நாளும் தண்டம் வேண்டாம். பொலிஸ் நிறுத்தி முனையத்தின் வழிப்படத்தைக் கொடுத்து அனுப்பட்டும்.